மாமியாரை ஏன் வெளிய அனுப்பினாங்க? குடும்ப நல சர்வே பத்தி கொஞ்சம் நீளமான பதில்

ஒரு தம்பி கேட்டிருந்தார். கொரோனா முதல் அலை ஓய்ஞ்ச சமயம் அவரோட அக்கா வீட்டுக்கு ரெண்டு பொண்ணுங்க மாஸ்க் போட்டுகிட்டு, டேப்லெட்டும் எடை மெஷினும் தூக்கிட்டு வந்திருக்காங்க. தேசிய குடும்ப நல சர்வேனு சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல கேள்வி கேட்டிருக்காங்க, நடுவுல மாமியாரை "கொஞ்சம் வெளிய இருங்கம்மா"னு அனுப்பிட்டு அக்காகிட்ட தனியா என்னமோ பேசியிருக்காங்க, அதுலேருந்து அந்த வீட்ல ஒரு வாரம் சண்டை. அவர் கேட்டது மூணு விஷயம். எதுக்கு தனியா கேக்கணும், அரசாங்கப் பணத்துல இதெல்லாம் தேவையா, 1000 ஆம்பளைக்கு 1020 பொம்பளைனு சொன்ன சர்வேய எப்படி நம்புறது.

நான் சில வருஷம் இந்த மாதிரி சுகாதார சர்வேகள்ல ஃபீல்ட் சூப்பர்வைசரா சுத்தினவ, இப்ப அந்த டேட்டாவ வச்சு மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன். அதனால தெரிஞ்சத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், பொறுமையா படிங்க தம்பி.

முதல்ல இது என்ன சர்வேனு பாத்துடலாம். 1992-93ல முதல் சுத்து நடந்துச்சு, அப்புறம் 1998-99, 2005-06, 2015-16, உங்க அக்கா வீட்டுக்கு வந்தது 2019-21ல நடந்த அஞ்சாவது சுத்து. அதுக்கப்புறம் ஆறாவதும் 2023-24ல நடந்துச்சு. மத்திய சுகாதாரத் துறைக்காக மும்பைல தியோனார்ல இருக்கற சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் இத நடத்துது, 1956ல ஆரம்பிச்ச நிறுவனம் அது. ஆரம்ப காலத்துல அமெரிக்க அரசோட உதவிப் பணம்தான் ஓடுச்சு, போகப்போக நம்ம அரசுப் பணமும் சேந்துச்சு. முதல் சுத்துல சுமார் 90 ஆயிரம் பெண்கள்கிட்ட பேசினாங்க, அதுவும் கல்யாணம் ஆனவங்ககிட்ட மட்டும். அஞ்சாவது சுத்துல 6,36,699 வீடு, 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள், 707 மாவட்டம். எதுக்கு இவ்ளோ பெருசு ஆச்சுன்னா, நாலாவது சுத்துலேருந்து மாவட்டவாரியா நம்பர் வேணும்னு முடிவு பண்ணாங்க. தர்மபுரி கலெக்டர் கைல தர்மபுரி நம்பர் இருக்கணும், மாநில சராசரிய வச்சுகிட்டு அவர் ஒண்ணும் செய்ய முடியாதுல்ல.

"எங்க வீட்ட யாரு குடுத்தது"னு எல்லா ஊர்லயும் கேப்பாங்க. யாரும் குடுக்கல. 2011 சென்சஸ் பட்டியல்லேருந்து கிராமங்களையும் நகரத்துல கணக்கெடுப்பு வட்டங்களையும் குலுக்கல் மாதிரி எடுப்பாங்க, பெரிய ஊரா இருந்தா துண்டு துண்டா பிரிச்சு அதுல ஒரு துண்ட எடுப்பாங்க. அப்புறம் லிஸ்டிங் டீம் போயி ஒவ்வொரு தெருவா நடந்து மேப் போட்டு ஒரு வீடு விடாம எழுதும். அந்தப் பட்டியல்லேருந்து சம இடைவெளில 22 வீடு. அவ்ளோதான். அந்த 22 வீட்டுக்குத்தான் போகணும், பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது. இதுதான் ஃபீல்ட்ல ரொம்பக் கஷ்டமான விதி. ஒரு ஊர்ல நாங்க இறங்கினதும் ஒரு பெரியவர், நல்ல மனுஷர்தான், டீ எல்லாம் வாங்கிக் குடுத்துட்டு "எதுக்கும்மா அந்த காலனிப் பக்கம் போறீங்க, இங்கயே நல்ல வீடா பத்து காட்டுறேன், சுத்தமா இருக்கும், படிச்சவங்க, டக்குனு பதில் சொல்லுவாங்க"னு சொன்னார். அவர் காட்டின பத்து வீட்ல எடுத்திருந்தா அந்த ஊர்ல எல்லாருக்கும் கக்கூஸ் இருக்கு, எல்லாக் குழந்தையும் நல்ல எடை, எல்லாப் பொண்ணும் பத்தாவது. எங்க பட்டியல்ல வந்த பாதி வீடு அந்த காலனிலதான் இருந்துச்சு. ஒரு வீடு பூட்டு, பனியன் கம்பெனி வேலைக்கு குடும்பத்தோட போயிட்டாங்கனு சொன்னாங்க, கேட்டுப் பாத்தா புருஷன் மட்டும்தான் திருப்பூர் போயிருக்கார், அந்தம்மா பகல்ல செங்கச்சூளைக்குப் போயிட்டு இருட்டினப்புறம்தான் வருவாங்க. மூணாவது தடவ ராத்திரி எட்டு மணிக்குப் போயி, சோறு ஆக்கி முடிக்கற வரைக்கும் திண்ணைல காத்திருந்து எடுத்தோம். அந்த ஒரு வீட்ட விட்டா என்னனு தோணும். ஆனா இப்படி பகல்ல பூட்டியிருக்கற வீடெல்லாம் விட்டோம்னா கூலிக்குப் போற பொண்ணுங்க மொத்தமா கணக்குலேருந்து காணாமப் போயிடுவாங்க, வீட்ல இருக்கறவங்க மட்டும்தான் "இந்தியப் பெண்" ஆயிடுவாங்க.

இப்ப மாமியார் விஷயத்துக்கு வர்றேன், இதத்தான் விவரமா சொல்லணும்.

இந்த சர்வேல வீட்டுக்குள்ள நடக்கற வன்முறை பத்தி ஒரு பகுதி இருக்கு. ரெண்டாவது சுத்துல சில கேள்வி இருந்துச்சு, முழுசா ஒரு பகுதியா வந்தது 2005-06ல. இது எல்லா வீட்லயும் கேக்கற பகுதி கிடையாது, ஒரு பங்கு வீட்ல மட்டும்தான், அங்கயும் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பெண்கிட்ட மட்டும். ரெண்டு மருமக இருந்தாலும் ஒருத்தர்தான், அதுவும் குலுக்கல்ல வர்றவங்க. ஏன்னா ரெண்டு பேரையும் கேட்டா ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியும், அது வீட்டுக்காரர் காதுக்குப் போகும், நாங்க வேன் ஏறிப் போன பிறகு அந்தப் பொண்ணு அடி வாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2001லயே இதுக்குன்னு வழிமுறை எழுதி வச்சிருக்கு, கேள்வி கேக்கறதால அந்தப் பெண்ணுக்கு ஆபத்து வரக்கூடாது, டேட்டா கிடைக்கலேன்னாலும் பரவாயில்லேங்கறதுதான் அதோட சாரம். அதனால தனிமை கிடைச்சா மட்டும்தான் கேக்கணும். கிடைக்கலேன்னா "தனிமை கிடைக்கல"னு குறிச்சிட்டு அந்தப் பகுதிய தாண்டிப் போகணும். பேசிட்டு இருக்கும்போது யாராவது உள்ள வந்தா உடனே பேச்ச மாத்தணும், "பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி போட்டாச்சா"னு ஆரம்பிச்சிடணும். இதுக்காகவே ட்ரெயினிங்ல நடிச்சு நடிச்சுப் பழக்குவோம்.

உங்க அக்கா வீட்ல என்ன நடந்திருக்கும்னு என்னால ஊகிக்க முடியுது. நல்ல டீமா இருந்தா மாமியாரை "வெளிய இருங்க"னு சொல்லவே மாட்டாங்க. அஞ்சாவது சுத்துல 15 வயசுக்கு மேல எல்லாருக்கும் பி.பி.யும் சர்க்கரையும் பாக்கற ஏற்பாடு இருந்துச்சு, ஹெல்த் இன்வெஸ்டிகேட்டர் பொண்ணு "அம்மா உங்களுக்கு பி.பி. பாத்துடலாம், திண்ணைல காத்து வரும் வாங்க"னு கூட்டிட்டுப் போயி மூணு தடவ பட்டை கட்டி, அவங்க முழங்கால் வலி கதைய கேட்டுட்டு இருந்தா இருபது நிமிஷம் ஓடிடும், யாருக்கும் சந்தேகம் வராது. அப்படிச் செய்யாம கதவச் சாத்தினது அந்தப் பொண்ணுங்க செஞ்ச தப்பு. அதுக்காக நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன், அந்த ஒரு வாரச் சண்டைக்கு அவங்க பொறுப்பு இருக்கு.

சரி, அப்படி என்னதான் கேக்கறாங்க. "உங்க வீட்டுக்காரர் உங்கள கொடுமைப்படுத்துறாரா"னு கேக்க மாட்டாங்க. அப்படிக் கேட்டா ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு செயலா கேப்பாங்க. பிடிச்சுத் தள்ளியிருக்காரா, எதையாவது தூக்கி எறிஞ்சிருக்காரா, கையத் திருகியிருக்காரா, முடியப் பிடிச்சு இழுத்திருக்காரா, அறைஞ்சிருக்காரா, எட்டி உதைச்சிருக்காரா, கழுத்த நெரிச்சிருக்காரா. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஒரு அம்மா, முப்பது வயசு இருக்கும், "எங்க வீட்டுக்காரர் தங்கமானவர், குடிக்க மாட்டார்"னு ஆரம்பத்துல சொன்னவங்க. அறைஞ்சிருக்காரான்னு கேட்டதும் "அது இருக்கும், சோத்துல உப்பு கூடுனா, கேக்காம அம்மா வீட்டுக்குப் போனா... அதெல்லாம் எல்லார் வீட்லயும் நடக்கறதுதான, அதப் போயி அடின்னு சொல்லுவாங்களா"னு எங்களையே திருப்பிக் கேட்டாங்க. பொதுவா ஒரு கேள்வி போட்டிருந்தா இந்தம்மா "இல்லை"ங்கற கட்டத்துல விழுந்திருப்பாங்க.

அஞ்சாவது சுத்துல வந்த கணக்கு, இந்தியா முழுக்க கல்யாணமான பெண்கள்ல 18லேருந்து 49 வயசு வரை 29.3 சதவீதம் பேர் கணவன்கிட்ட எப்பவாவது அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்காங்க. தமிழ்நாட்ல 38.1. ஆமா, நாட்டோட சராசரிய விட அதிகம். நம்ம ஊர்ல பொண்ணுங்க படிக்கறாங்க, வேலைக்குப் போறாங்க, ஆஸ்பத்திரில 99.6 சதவீதம் பிரசவம் நடக்குதுனு பெருமையா சொல்றோம், எல்லாமே உண்மை, அதே சர்வேல இதுவும் இருக்கு. நாடு முழுக்க அனுபவிச்சவங்கள்ல 14 சதவீதம் பேர்தான் யார்கிட்டயாவது உதவி கேட்டிருக்காங்க, 77 சதவீதம் பேர் உதவியும் கேக்கல, ஒருத்தர்கிட்ட சொல்லவும் இல்ல. தம்பி, இந்த 77ஐ ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டுல இவங்க இல்ல, கோர்ட்டுல இல்ல, அம்மா அப்பாவுக்குத் தெரியாது. வாழ்நாள்ல முதல் தடவையா ஒரு தெரியாத பொண்ணு டேப்லெட்ட மடில வச்சுகிட்டு, கதவச் சாத்திட்டு கேட்டப்பதான் சொல்லியிருக்காங்க. இந்த நாட்டுக்கு இது தெரியறதுக்கு வேற வழியே கிடையாது. எதுக்கு தனியா கேக்கணும்ங்கற உங்க முதல் கேள்விக்கு என் பதில் இதுதான், அரசாங்கப் பணம் இதுக்குத் தேவையாங்கற ரெண்டாவது கேள்விக்கும் பாதி பதில் இதுலயே இருக்கு.

ஆனா இந்த நம்பர கவனமா படிக்கணும். கர்நாடகால நாலாவது சுத்துல 20.6 சதவீதம், அஞ்சாவதுல 44.4. அஞ்சு வருஷத்துல கர்நாடக ஆம்பளைங்க ரெண்டு மடங்கு கொடூரமானாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல. கேள்வி கேட்ட டீம் நல்லா பழகினதா இருக்கலாம், பொண்ணுங்க வாயத் தொறந்து சொல்ல ஆரம்பிச்சிருக்கலாம், உண்மைலயே கூடியும் இருக்கலாம், மூணும் கலந்திருக்கும். கேரளால 9.9 சதவீதம்தான், உடனே கேரளா சொர்க்கம்னு முடிவு பண்றாங்க, ஆனா அதே கேரளால அதே சர்வேல பாதிக்கு மேல பெண்கள், 52 சதவீதம், ஏதோ ஒரு காரணத்துக்கு புருஷன் பொண்டாட்டிய அடிக்கறது நியாயம்தான்னு சொல்லியிருக்காங்க. நியாயம்னு நினைக்கறவங்க அத நம்மகிட்ட புகாரா சொல்லுவாங்களா? தெலங்கானால நியாயம்னு சொன்ன பெண்கள் 84 சதவீதம். ஒரு மாநிலத்துல நம்பர் கம்மியா இருந்தா அங்க அடி கம்மியா, பேச்சு கம்மியானு ரெண்டையும் கேக்கணும்.

அடுத்தது 1020. இதுல உங்க சந்தேகம் சரிதான், கோபப்படவேண்டியது வேற ஆள் மேல. சர்வே முந்தின நாள் ராத்திரி அந்த வீட்ல படுத்துத் தூங்கினவங்கள எண்ணுது. வேலைக்கு வெளியூர் போன ஆம்பளைங்க, லாட்ஜ்ல ஹாஸ்டல்ல இருக்கறவங்க, கட்டட வேலை நடக்கற இடத்துலயே தங்கறவங்க, ராணுவ முகாம்ல இருக்கறவங்க, யாரும் இந்த வீட்டுக் கணக்குல வரமாட்டாங்க. அப்ப பொம்பளைங்க எண்ணிக்கை தானா கூடித் தெரியும். இந்த சர்வேல 2005-06லயே 1000 ஆம்பளைக்கு 1000 பொம்பளைனுதான் வந்துச்சு, ஆனா 2011 சென்சஸ்ல 943. இந்த சர்வே மொத்த ஜனத்தொகையோட ஆண் பெண் விகிதத்த அளக்கறதுக்கு போட்டது கிடையாது. அத தூக்கிட்டு வந்து "இந்தியால முதல் தடவையா பெண்கள் ஆண்கள மிஞ்சிட்டாங்க"னு தலைப்பு போட்டு கொண்டாடினவங்க செஞ்ச வேலை அது.

பாக்கவேண்டிய நம்பர் பக்கத்துலயே இருந்துச்சு. பிறக்கும்போது இருக்கற விகிதம், அதாவது கடைசி அஞ்சு வருஷத்துல 1000 பையனுக்கு எத்தன பொண்ணு பிறந்துச்சுங்கறது. நாடு முழுக்க 929. தமிழ்நாட்ல நாலாவது சுத்துல 954, அஞ்சாவதுல 878. இத எத்தன பேர் பேசினாங்க? சர்வேல ஒரு மாநிலத்துல அஞ்சு வருஷப் பிறப்புனு எடுத்தா எண்ணிக்கை சின்னது, அதனால இந்த 878 கொஞ்சம் மேல கீழ ஆடும்னு ஒத்துக்கறேன், அத ஒரு எச்சரிக்கையா எடுத்துகிட்டு பிறப்புப் பதிவோட ஒப்பிட்டுப் பாக்கணும். ஆனா உசிலம்பட்டி கதைய பாத்த மாநிலம் இது, பொண்ணுக் குழந்தைங்க சாகாம இருக்க 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த மாநிலம். நம்ம ஊர்ல இந்த நம்பர ஆடுதுனு சொல்லி ஓரமா வச்சிட முடியாது.

நம்பகத்தன்மைனு பேசறதால ரத்தசோகை விஷயத்தையும் சொல்லணும். 15லேருந்து 49 வயசு பெண்கள்ல நாலாவது சுத்துல 53.1 சதவீதம் ரத்தசோகை, அஞ்சாவதுல 57. குழந்தைகள்ல 58.6லேருந்து 67.1க்கு போயிடுச்சு. விரல் நுனில குத்தி ஒரு சொட்டு எடுத்து கைல பிடிக்கற மெஷின்ல பாக்கற முறை இது. ரத்தம் வரலேன்னு விரல பிதுக்கினா திசுத் தண்ணியும் கலந்து வந்து அளவு கம்மியா காட்டும். ஃபீல்ட்ல இது நடக்கும், நானே டீமத் திட்டியிருக்கேன், குளிர்ல கை சில்லுனு இருக்கும்போது சொட்டு வராது, பின்னாடி இன்னும் ஒன்பது வீடு காத்திருக்கும், பிதுக்கிடுவாங்க. அதனால நரம்புலேருந்து ரத்தம் எடுத்துப் பாக்கற தனி சர்வே வேணும்னு சொல்லி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மூலமா ஆரம்பிச்சாங்க, ஆறாவது சுத்துலேருந்து ரத்தசோகைய எடுத்துட்டாங்க. முறை நல்ல முறைதான். ஆனா பழைய முறையையும் ஒரே ஒரு தடவ சேத்து வச்சு ரெண்டையும் ஒப்பிட்டிருக்கணும்னு நான் நினைக்கறேன், இல்லேன்னா இத்தன வருஷக் கோடு அறுந்து போயிடும், கூடுதா கொறையுதானு யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறன் பத்தின கேள்வியும் அதே சுத்துல போச்சு. அது எனக்கு இன்னும் வருத்தம்.

இதெல்லாம் தாண்டி இந்த சர்வேய வச்சுதான் நமக்கு சில விஷயம் பட்டவர்த்தனமா தெரிஞ்சுச்சு. தமிழ்நாட்ல சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரில மட்டும் பாத்தா 63.8. 1992-93ல நாடு முழுக்க நாலுல ஒரு பிரசவம்தான் ஆஸ்பத்திரில நடந்துச்சு, அப்ப பிரச்சனை பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகலேங்கறது, இப்ப பிரச்சனை போனவுடனே கத்தி வைக்கறாங்கங்கறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எடுத்துக்கோங்க, நாடு முழுக்க பெண்கள் பக்கம் 37.9 சதவீதம், ஆண்கள் பக்கம் 0.3. ஆம்பளைக்கு அது சின்ன வேலை, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், ஆனா முப்பது வருஷத்துல இந்த நம்பர் கூடல, கொறைஞ்சுதான் போயிருக்கு. சராசரியா ஒரு பெண்ணுக்கு 3.4 குழந்தைலேருந்து 2.0க்கு வந்திருக்கோம்னா அந்த இறக்கம் பெரும்பாலும் பொண்ணுங்க வயித்து மேல நடந்திருக்கு.

இதுல வராதது என்னன்னும் சொல்லிடறேன், ஏன்னா "நல்வாழ்வு"ங்கற பேர்ல எல்லாத்தையும் இந்த ஒரு சர்வே தலைல கட்டறாங்க. 49 வயசு தாண்டின பெண்ணுக்கு பி.பி. பாப்பாங்க, ஆனா உக்காந்து அவங்க வாழ்க்கைய கேக்க மாட்டாங்க. திண்ணைல உக்காந்திருந்த அந்த மாமியாரும் ஒரு காலத்துல அடி வாங்கினவங்களா இருக்கலாம், யாரும் கேக்கல. வயசானவங்களுக்குன்னு 2017-18ல இதே மும்பை நிறுவனம் 45 வயசுக்கு மேல இருக்கற 72 ஆயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட தனியா ஒரு சர்வே எடுத்துச்சு, மனச்சோர்வு, தனிமை, வலி எல்லாம் அதுல இருக்கு. மனநலத்துக்கு 2015-16ல பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலத்துல எடுத்துச்சு, தமிழ்நாடும் அதுல உண்டு. வீட்டு வேலைக்கு யார் எவ்ளோ நேரம் போடறாங்கங்கறது தேசிய புள்ளியியல் அலுவலகத்தோட நேரப் பயன்பாட்டு சர்வேல இருக்கு, 2019ல வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், செய்யற ஆண்கள் 97 நிமிஷம், அதுலயும் செய்யற ஆண்களே நாலுல ஒருத்தர்தான். இத்தனையும் சேத்து வச்சுப் படிச்சாதான் ஒரு பொண்ணோட உடம்பு ஏன் இப்படி இருக்குன்னு புரியும். தனித்தனியா படிச்சா ரத்தசோகைக்கு மாத்திரை குடுத்துட்டு வேலை முடிஞ்சதுனு போயிடுவோம்.

பணம் யார் குடுக்கறாங்களோ அவங்களுக்குப் பிடிக்காத நம்பர் வந்தா என்ன ஆகும்னு நீங்க கேக்கல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி அதுதான். 2019 அக்டோபர் 2ஆம் தேதி கிராமப்புறம் முழுக்க திறந்தவெளி மலம் கழிப்பு ஒழிஞ்சதுனு அறிவிச்சாங்க. அஞ்சாவது சுத்துல 19 சதவீத வீட்ல கழிவறை வசதியே இல்லேன்னு வந்துச்சு. நாலாவது சுத்துல 39ஆ இருந்துச்சு, பாதியா கொறைஞ்சதே பெரிய சாதனை, அப்படியே சொல்லியிருந்தா நானே கை தட்டியிருப்பேன். 2023 ஜூலைல அந்த மும்பை நிறுவனத்தோட இயக்குநர் கே.எஸ்.ஜேம்ஸை சஸ்பெண்ட் பண்ணாங்க. ஆள் சேர்ப்புல முறைகேடுனு அரசு தரப்புல காரணம் சொன்னாங்க, சர்வே நம்பர் பிடிக்காததாலதானானு ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேர் வெளிப்படையா கேட்டாங்க, சில மாசத்துல அவர் பதவிய விட்டுப் போயிட்டார். உண்மைக் காரணம் எதுவா இருந்தாலும் அடுத்து அந்த நாற்காலில உக்கார்றவர் மனசுல ஒரு பயம் விழுமா விழாதா? அரசுப் பணம்னா மக்கள் பணம், அத வாங்கறவங்க அரசுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கற கடமைப்பட்டவங்க கிடையாது.

வெளிநாட்டுப் பணத்த நம்பி இருக்கறதும் ஆபத்துதான். இந்த மாதிரி சர்வேகள 1984லேருந்து 90 நாட்டுக்கு மேல நடத்திட்டிருந்த அமெரிக்க உதவித் திட்டத்த 2025 பிப்ரவரில ஒரே அடியா நிறுத்தினாங்க. நம்ம சர்வேயோட மூல டேட்டாவும் அவங்க தளத்துலதான் இலவசமா கிடைச்சுட்டிருந்துச்சு, புதுசா பதிவு பண்றத கொஞ்ச காலம் நிறுத்தி வச்சதுல எங்கிட்ட படிக்கற பசங்க தவிச்சுப் போயிட்டாங்க. நம்ம ஊர் பொண்ணுங்க சொன்ன பதில், அத நம்ம பசங்க படிக்கறதுக்கு வேற நாட்டு அரசியல் வழி விடணும். இன்னொரு பக்கம் 2021ல நடந்திருக்க வேண்டிய சென்சஸ் நடக்கல, அதனால 2011 பட்டியல வச்சே இன்னும் ஊர் எடுக்க வேண்டியிருக்கு, அந்தப் பட்டியல்ல பொட்டக்காடா இருந்த இடத்துல இன்னைக்கு அடுக்குமாடி நிக்குது.

டேட்டா கொண்டு வர்ற பொண்ணுங்களப் பத்தி யாரும் பேசறதில்ல, அதனால நாலு வரி. டிகிரி முடிச்ச இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுப் பொண்ணுங்க, மாசக்கணக்குல ஊர் ஊரா லாட்ஜ்ல தங்கி, பஸ் போகாத ஊருக்கு எடை மெஷினத் தூக்கிட்டு நடந்து போவாங்க. "உங்க வீட்ல கழிவறை இருக்கா"னு நாள் முழுக்க கேக்கற பொண்ணுக்கு சாயங்காலம் வரைக்கும் ஒதுங்க இடம் இருக்காது, தண்ணி குடிக்காம இருப்பாங்க. நான் வேலை பாத்த ஒரு ஏஜென்சி படிக்காசை மூணு மாசம் கழிச்சுதான் குடுத்துச்சு, அதுலயும் பிடித்தம். ஒரு நாள் ராத்திரி ஒரு பொண்ணு ரூமுக்கு வந்து பேசாம உக்காந்திருந்துச்சு, கேட்டா அன்னைக்கு மத்தியானம் பேட்டி குடுத்த அம்மா கழுத்துல இருந்த தழும்ப காட்டினாங்களாம், அடுத்த கேள்விக்குப் போகவேண்டியதா இருந்துச்சாம், "போயிட்டேன்க்கா"னு சொல்லி அழுதுச்சு. இந்தப் பொண்ணுங்க காதுல வாங்கறதுக்கு யாரும் மருந்து போடறதில்ல. சர்வேக்கு பட்ஜெட் போடறவங்க முதல்ல இத சேத்துப் போடணும்.

கடைசியா உங்க அக்காவுக்கு. இந்த சர்வேல எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்னு சொல்ல உரிமை உண்டு, பாதில எழுந்து போகவும் உரிமை உண்டு, சம்மதம் வாங்கிட்டுதான் ஆரம்பிக்கணும். பேர் வெளிய போகாது, பொதுவுல வைக்கற டேட்டால பேர், விலாசம் எதுவும் இருக்காது, ஊரோட ஜி.பி.எஸ். புள்ளியக்கூட வேணும்னே கிராமத்துல அஞ்சு கிலோமீட்டர் வரை தள்ளி வச்சுதான் குடுப்பாங்க. மாமியார்கிட்ட "சத்து மாத்திரை, குழந்தை ஊசி, உடம்பு பத்திதான் கேட்டாங்க"னு சொன்னா அது பொய் இல்ல, முக்காவாசி அதுதான். ஒருவேள அக்காவுக்கே யார்கிட்டயாவது பேசணும்னு இருந்தா 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க, நம்பர பேச்சுவாக்குல சொல்லி வைங்க, போன்ல சேவ் பண்ணச் சொல்லாதீங்க, வேற யாராவது பாப்பாங்க.

அப்புறம் தம்பி, அந்தக் கதவுக்குள்ள என்ன கேட்டாங்க, அக்கா என்ன சொன்னாங்கனு நீங்களும் கேக்காதீங்க. அவங்களா சொன்னா உக்காந்து கேளுங்க.